வயிற்றுப்புண்ணும் வாழ்க்கை நெறியும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், மயிலாப்பூரில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் யான் பேசவேண்டுமென்று பணித்த காரியதரிசி அவர்கள், "கல்வியைப் பற்றியும் கலியாணச் செலவைப் பற்றியும் பலர் பேசிவிட்டனர், நீர் வயிற்றைப் பற்றிப் பேசும்" என்றார். சபையில் எடுத்துரைக்கத்தக்க விஷயமோ இது என்று முதலில் தயங்கினேன். பின்னர் யோசித்துப் பார்க்குங்கால், நம் இல்லங்களில் ஒவ்வொரு நாளும் பேசப்படுவதும், ஆயினும் ஒரு நாளேனும் ஒழுங்காக விசாரிக்கப்படாததும் இவ்விஷயமே என்பது புலனாயிற்று. ஆகவே துணிந்தேன்.

யான் வைத்தியன் அல்லேன். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆயினும் இந்நோயுடன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் குடியிருந்தவன் என்ற உரிமை எனக்குண்டு. வைத்தியர்களிடம் கேட்டும், நூல்களிற் படித்தும், என் உடம்பில் அனுபவித்தும் அறிந்தவற்றையே சொல்லப் புகுகின்றேன். இவற்றுள் எதையும் வைத்தியரைக் கலவாமல் மருந்தாகக் கொள்ளவேண்டாமென்று முதற்கண் வேண்டிக்கொள்கின்றேன்.

என் தந்தையார் காலத்திலிருந்து தொடங்குகின்றேன். கபாலீசுவரர் கோயில் குளத்திற்கு அணித்தான ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு என் தந்தையார் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மேல்வயிற்றில் நெஞ்செலும்புக்குக் கீழே எரியும், கடிக்கும். என் தாயார் ஒரு டம்ளர் பாலை மூடித் தலைமாட்டில் வைத்திருப்பார். அதனைக் குடித்தால் நோவு தணியும். விடியுமுன் மறுபடியும் எழும். "இது நம் வமிசத்து வயிறு, உன் தாத்தாவுக்கும் இப்படித்தான்" என்று என் அத்தை சொல்வார். வமிசத்து வயிறு என்று பெயரிட்டமையால், வைத்தியரை நாடவேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. 1978ஆம் ஆண்டு ஒரு நாள் வைகறையில் அவர் இரத்தமாக வாந்தி எடுத்தார். அன்று மாலைக்குள் எங்களை விட்டு நீங்கினார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

இதனை அநுதாபம் வேண்டிச் சொல்கின்றேனல்லேன். இங்கு அமர்ந்திருப்போருள் பலர் வீட்டிலும் இத்தகைய ஒரு கதை உண்டென்பதை யான் அறிவேன். அக்கதையின் காரணம் யாது, அதனைத் தடுக்க இயலுமா என்பதே இன்றைய கேள்வி.

தென்னாட்டின் பழைய நோய்

இரைப்பையிலோ, அதனை அடுத்த சிறுகுடலின் முதற் பகுதியிலோ உண்டாகும் புண்ணையே வயிற்றுப்புண், குடற்புண் என்கிறோம். நம் சித்த வைத்திய நூல்கள் வயிற்று நோவு, எரிச்சல், வாந்தி முதலிய பல துன்பங்களைக் குன்மம் என்ற பெயரால் தொகுத்து, எண்வகையாகப் பகுத்துள்ளன. ஆகவே இந்நோய் நமக்குப் புதியதன்று.

சென்ற நூற்றாண்டில் இந்நோய் தென்னிந்தியாவில் மிகுந்திருப்பதைக் கண்டு வெளிநாட்டு வைத்தியர்களும் வியந்தனர். இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூரில் சாமர்வெல் என்னும் ஆங்கிலேய ரண வைத்தியர் இருந்தார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரமேறப் புறப்பட்ட குழுக்களில் சேர்ந்திருந்த அவரே, நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் தங்கி, குடற்புண் நோயாளிகள் மிகப் பலருக்குச் சத்திர சிகிச்சை செய்தார். இரைப்பையைச் சிறுகுடலோடு வேறு வழியாக இணைத்துத் தைப்பதே அக்காலத்துப் பெரும் பரிகாரம். குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய மக்காரிசன் என்பவர், எலிகளுக்கு இந்தியாவின் பல பிரதேசத்து உணவுகளை ஊட்டிப் பார்த்தார். சென்னை மாகாணத்து ஏழைகளின் உணவையும் திருவிதாங்கூர் ஏழைகளின் உணவையும் தின்ற எலிகள் சிலவற்றின் இரைப்பையில் புண் கண்டது. கோதுமை, பால், காய்கறி கலந்த பஞ்சாபியர் உணவைத் தின்றவை நலமாயிருந்தன. பின்னர் ரெயில்வே வைத்தியராயிருந்த மல்ஹோத்ரா என்பவர், தென்னாட்டு ரெயில்வே ஊழியரிடத்தில் இந்நோய் வடநாட்டு ஊழியரினும் மிகுந்திருப்பதை 1964இல் எழுதி வெளியிட்டார். மைசூரில் பணியாற்றிய டோவி என்னும் ரண வைத்தியரும் அரிசி உண்ணும் பிரதேசங்களில் இந்நோய் மிகுதியென்று கணக்கிட்டார்.

இவற்றையெல்லாம் கேட்டு, அரிசிச்சோறும் மிளகாயும் புளியுமே நம் பகைவர் என்று பலர் முடிவு செய்தனர். உணவுக்கு இதிற் பங்குண்டென்ற கருத்து முற்றும் தள்ளத்தக்கதன்று. ஆனால் மூலகாரணம் வேறிடத்தில் ஒளிந்திருந்தது.

கிருமியின் கதை

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து வைத்தியர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும், நோயாளிகளின் இரைப்பைச் சவ்வில் வளைந்த வடிவுடைய கிருமிகளை நுண்ணோக்கியிற் கண்டனர். கடும் அமிலம் சுரக்கும் இரைப்பையில் கிருமி வாழாதென்பது அந்நாள்வரை யாவரும் நம்பிய கொள்கை. 1982இல் அக்கிருமியைத் தட்டில் வளர்க்க முயன்ற பல முயற்சிகள் தோற்றன. ஈஸ்டர் விடுமுறை காரணமாக ஒரு தட்டு வழக்கத்தினும் சில நாள் மிகுதியாக வைக்கப்பட்டது; அதில் கிருமி வளர்ந்துவிட்டது! உலகம் அப்போதும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமிக் குழம்பைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி உண்டாவதைத் தம் உடம்பிலேயே காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அக்கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர்.

இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வாய் வழியாக, வீட்டாரிடமிருந்தே தொற்றுகின்றது. நெருக்கமான குடியிருப்பும் சுத்தமற்ற நீரும் இதற்குத் துணை. நம் நாட்டில் மிகப் பலர் வயிற்றில் இது குடியிருக்கின்றது. ஆயினும் எல்லாருக்கும் புண் வருவதில்லை. கிருமி உடையாருள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கே வாழ்நாளில் புண் உண்டாகும் என்பர். "தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது" என்னும் வமிச வயிற்றின் இரகசியம் பெரும்பாலும் இதுவே. ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்தில், ஒரே கிருமி கைமாறி வந்தது. என் அத்தை சொன்னது பாதி உண்மை. வமிசம் உண்மை, விதி அன்று.

இதனால் விளைந்த மாறுதலைக் கேளுங்கள். 1970களில் அமிலத்தைக் குறைக்கும் புது மருந்துகள் வந்தன. அவற்றுள் முதலாவதைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபெல் பரிசு பெற்றார். அம்மருந்துகளால் புண் ஆறும். ஆனால் மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் பாதிப்பேருக்கு மேல் புண் திரும்பி வந்தது. கிருமியை ஒழித்தபின்போ, திரும்புதல் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாயிற்று. ஆயுள் முழுதும் சுமக்கவேண்டிய நோய், பதினான்கு நாள் சிகிச்சையால் நீங்கத்தக்க நோயாயிற்று.

அப்படியிருந்தும், நம்மவருள் எத்தனையோ பேர் இன்னும் இருபது வருஷமாக வெள்ளை மருந்தைப் புட்டி புட்டியாகக் குடித்து, பத்தியச் சோறு தின்று, இரவில் விழித்திருக்கின்றனர். ஒருமுறையேனும் கிருமிப் பரிசோதனை செய்துகொண்டதில்லை. இதைச் சொல்லவே யான் வந்தேன்.

பரிசோதனை கடினமன்று. மூச்சை ஊதிச் செய்யும் சோதனை உண்டு. மலத்தைக் கொண்டு செய்யும் சோதனை உண்டு. எண்டோஸ்கோப்பி என்னும் குழாயை வாய்வழிச் செலுத்தி, உட்புறத்தைக் கண்ணாற் கண்டு, சிறு துணுக்கைக் கிள்ளியெடுத்தும் சோதிப்பர். அது பெரும்பாலும் சில நிமிஷ வேலை. அதற்கஞ்சி யான் ஆறு ஆண்டுகள் வீணாக்கினேன். கிருமி இருந்தால், கிருமிக்கொல்லி மருந்துகள் இரண்டு மூன்றனை அமிலங் குறைக்கும் மருந்துடன் வழக்கமாகப் பதினான்கு நாள் தருவர். வாய் கசக்கும், வயிறு கலங்கும். நான்கு நாளில் நோவு நின்றவுடன் மருந்தையும் நிறுத்துவோர் பலர். அரைகுறையாக அடிபட்ட கிருமி, அம்மருந்துக்கு அடங்காததாக மாறும். சில மருந்துகளுக்கு நம் நாட்டில் இக்கிருமி முன்னரே பெருமளவு அடங்காததாயிற்று. ஆதலின் முழுதும் உண்ணுக. முடித்து நான்கு வாரமாயினும் கழிந்தபின், கிருமி போயிற்றா என்று மறு சோதனையும் செய்துகொள்க.

இரண்டாவது பகைவன்

என் கதைக்குத் திரும்புகின்றேன். என் தந்தையார்க்கு வந்த நோவு எனக்கும் முப்பத்தைந்தாம் வயதில் வந்தது. யானும் பாலைக் குடித்துவிட்டுப் படுத்தேன். பின்னர் முழங்கால் வலி வந்தது. வீட்டருகே ஒரு மருந்துக் கடையில், சீட்டின்றிக் கேட்டவுடன் வலி மாத்திரை கொடுத்தார்கள். நாளைக்கு இரண்டாக ஏழெட்டு மாதம் தின்றேன். 2003ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு நாள் மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தது. "பித்தம் இறங்குகிறது" என்று எண்ணி மகிழ்ந்தேன்! மூன்றாம் நாள் அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்தில், மாட வீதியில், மயங்கி விழுந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியிற் சேர்த்தார். நான்கு புட்டி இரத்தம் ஏற்றினர். புண்ணில் கிருமியும் இருந்தது. வலி மாத்திரை அதனைத் துளைத்து ஆழமாக்கியும் இருந்தது.

ஆஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்ளோபினாக் முதலிய வலி மாத்திரைகள் இரைப்பையைக் காக்கும் மென்சவ்வின் வலிமையைக் குறைப்பவை. கிருமிக்கு அடுத்தபடியாகப் புண்ணுக்கு இவையே காரணம். நம் தாய்மார்கள் முட்டி வலிக்கும் தலைவலிக்கும் இவற்றை மிட்டாய் போல் தின்கின்றனர். பேரனுக்குக் கொடுத்த மாத்திரையைப் பாட்டியும், பக்கத்து வீட்டாருக்கு எழுதிய சீட்டைக்கொண்டு நாமும் வாங்குகின்றோம். இது நிற்கவேண்டும். மற்றொன்றும் சொல்லவேண்டும்: இருதயத்துக்காகச் சிறு அளவு ஆஸ்பிரின் உண்போர், என் பேச்சைக் கேட்டுத் தாமாக அதனை நிறுத்திவிடலாகாது. வயிற்றைக் காக்க அதனுடன் என்ன சேர்க்கவேண்டுமென்று வைத்தியரைக் கேட்டுக்கொள்க.

பீடி, சிகரெட்டு, புகையிலை, மது ஆகியவை புண் ஆறுவதைத் தடுப்பவை. வெற்றிலையுடன் புகையிலை சேர்க்கும் பெரியோர்கள் என்னை மன்னிக்கவேண்டும். உண்மையை மறைத்தல் ஆகாது.

பால், மிளகாய், பத்தியம்

சிகாகோ நகரத்து ஸிப்பி என்னும் வைத்தியர் 1915இல், மணிக்கொருமுறை பாலும் பாலேடும் கொடுத்து, அமிலத்தை மாற்றும் உப்புகளையும் கொடுக்கும் முறையை வகுத்தார். அது உலகெங்கும் பரவி நம் வீட்டுத் தலைமாட்டுப் பாலுக்கும் சாட்சியாயிற்று. பின்னர் ஆராய்ந்ததில், பால் சிறிது நேரம் எரிச்சலைத் தணிப்பினும், அதிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அமிலச் சுரப்பை மறுபடியும் தூண்டும் என்பது தெரிந்தது. என் தந்தையார் பாலைக் குடித்த இரண்டு மணிக்குப் பின் மறுபடியும் எழுந்ததற்குக் காரணம் இப்போது விளங்குகின்றதன்றோ? பால் உணவாக ஆகும்; மருந்தாக ஆகாது.

மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. உள்ள எரிச்சலைச் சிலருக்கு மிகுவிக்கும். எல்லாருக்கும் பொதுவான ஒரே பத்தியம் என்பது இல்லை. இது கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இதுவே விடுதலையும் ஆகும். பத்தியம் என்ற பெயரால் ஆண்டுக்கணக்கில் வெறுங் கஞ்சியும் ரொட்டியும் தின்று உடல் இளைத்தோரை யான் அறிவேன். உண்மையில் வேண்டுவது தன் வயிற்றைத் தானே படித்தல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் என் புண் ஆறிற்று, கிருமியும் போயிற்று. ஆயினும் வயிறு பழைய வயிறாகவில்லை. புளிப்பு மேலெழுதல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், ஊதல் ஆகியவை தங்கின. புண்ணில்லாமலே இவ்வாறு நெடுநாள் வருத்தும் வயிறு பலருக்குண்டு. அதற்கு ஒழுங்கான வாழ்வே துணை. கணக்கெழுதிய கை ஆதலால், யான் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் மூன்று மாதம் எழுதினேன்: எத்தனை மணிக்கு என்ன உண்டேன், எவ்வளவு உண்டேன், எப்போது நோவு வந்தது, இரவு எப்போது உறங்கினேன் என்பன. மூன்று மாத முடிவில் தெரிந்தவை என்னை நகைக்கச் செய்தன. யான் அஞ்சி விலக்கிய ரசம் குற்றமற்றது. யான் சாதுவென்று நம்பிய நெய் மிகுந்த வெண்பொங்கலும், அதன்மேற் குடித்த காப்பியும், இரவு பத்தரை மணிக்கு உண்ட அடையுமே குற்றவாளிகள். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெல்லவே இறங்கும். உண்டவுடன் படுத்தால் அமிலம் மேலேறும்.

அந்நோட்டின் வழியே யான் அமைத்துக்கொண்ட நெறிகளைச் சொல்கின்றேன்.

ஒன்று, காலம். காலை எட்டு மணி, பகல் ஒரு மணி, இரவு ஏழரை மணி. இடையில் மாலை நாலரைக்குச் சிறிது. உறங்கப்போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே இராவுணவு முடியவேண்டும்.

இரண்டு, அளவு. முன்பு இருவேளையில் உண்டதை நான்கு வேளையாகப் பகுத்தேன். வயிற்றில் சிறிது இடம் இருக்கும்போதே எழுதல்.

மூன்று, வகை. இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், பயற்றம்பருப்பு, கீரை மசியல், பூசணி, புடலை, பீர்க்கு, நீர்த்த மோர் ஆகியவை எனக்கு ஒத்தன. வற்றற் குழம்பும் ஊறுகாயும் வாரத்திற்கொருமுறை, பகலில் மட்டும். உப்பு மிகுந்த ஊறுகாய், வடகம் ஆகியவற்றைக் குறைத்தல் இரைப்பைக்குப் பொதுவாகவே நன்று.

நான்கு, காப்பி. இதுவே எல்லாவற்றினும் கடினம். வெறுவயிற்றில் குடித்த முதற் காப்பியை இட்லிக்குப் பின் மாற்றினேன், நான்கை இரண்டாக்கினேன். முற்றும் விடவில்லை, வீட்டில் அமைதியும் வேண்டுமன்றோ!

ஐந்து, படுக்கை. தலைமாட்டுக் கட்டிற் கால்களுக்கடியில் ஆறங்குல மரக்கட்டை வைத்தேன். இடப்பக்கமாக ஒருக்கணித்துப் படுக்கின்றேன். புளிப்பு மேலெழுவோர்க்கு இது மருந்துக்குச் சமானம். உடல் எடை மிகுந்தோர் சிறிது இறக்கினாலும் பெரும் பயன் உண்டு.

ஆறு, மாத்திரை. அமிலங் குறைக்கும் மாத்திரையைக் காலை உணவுக்கு அரைமணி முன்னர் உண்டாற்றான் முழுப் பயன். அதனையும் வைத்தியரைக் கேளாமல் ஆண்டுக்கணக்கில் தொடரலாகாது.

நம் மயிலையோடு ஐதிகம் இணைத்துப் பேசும் திருவள்ளுவர், மருந்து என்ற 95ஆம் அதிகாரத்தில் மூலிகைகளை அடுக்கவில்லை. அளவறிந்தும் காலமறிந்தும் உண்பதையே பெரிதும் பேசினார். என் மூன்று மாத நோட்டுப் புஸ்தகம் எனக்குக் கற்பித்ததும் அதுவே.

வீட்டாரும் சமூகமும்

நெறிகளைச் சொல்லுதல் எளிது. ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகள் பகலுணவை நாலு மணிக்கு உண்கின்றனர். பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் இரவெல்லாம் வேலை செய்யும் பெண்களும் பிள்ளைகளும் அடையாற்று வீடுகளுக்கு விடியலில் திரும்புகின்றனர். அவர்களுக்கு எட்டு மணி, ஒரு மணி என்று யான் சொல்வது பரிகாசமாகும். அவர்கள் தம் விழிப்பு நேரத்தையே பகலாகக் கொண்டு, அதற்குள் இடைவெளி ஒழுங்காயிருக்கும்படி உண்ணட்டும். கடை வைத்திருக்கும் நம் குலத்து முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம்: பண்டிகைக் காலத்திலும் பணியாட்களை முறைவைத்து உரிய வேளையில் உண்ண அனுப்புங்கள். யான் முதலாளியல்லேனாயினும், அக்கூட்டத்தின் நடுவே பசித்து நின்றவன்.

தாய்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் உண்டபின் மூன்று மணிக்கு, மிஞ்சியதை, நின்றவாறே உண்ணும் வழக்கம் இன்னும் போகவில்லை. என் அண்ணி அவர்கள் முப்பது ஆண்டு இவ்வாறு உண்டார். வயிற்று நோவை ஒருவரிடமும் சொல்லவில்லை. "ஆண்பிள்ளைகள் நோயாளிகளாக இருக்கும் வீட்டில் நானும் படுத்துக்கொள்வதா?" என்றார், பின்னொரு நாள் யான் கேட்டபோது. இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து அவர் வெளுத்துப் போயிருந்ததை நாங்கள் வயதின் சோர்வென்று கருதிவிட்டோம். நல்லவேளையாக அவர் பிழைத்தார். வீட்டிலுள்ள பெண்கள் வேளைக்கு உண்டார்களா என்று கேட்பது ஆடவர் கடமை என்பதை இச்சபையிற் பணிவுடன் சொல்கின்றேன்.

விரதங்களைக் குறித்துக் கேட்பீர்கள். ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை ஆகிய நாட்களில் முழுப் பட்டினி கிடந்து, மறுநாள் பாரணையில் இரட்டிப்பாக உண்பது பலவீனமான வயிற்றுக்கு ஆகாது. நோயாளி கஞ்சியும் பழமும் கொண்டு விரதம் நோற்றல் நம் பெரியோர் அனுமதித்த வழியே. கலியாண வீட்டில் இலையின் முன் அமர்ந்த விருந்தாளியை, "இன்னும் ஒரு போளி, மாமா, எங்கள் மனசுக்காக" என்று வற்புறுத்துவது நம் அன்பின் அடையாளம். அவ்வன்பிலே ஒரு சிறு திருத்தம் வேண்டுகின்றேன். வேண்டாமென்றவர் இலையில் வைக்காதிருப்பதும் உபசாரமே. நம் சங்கத்து ஆண்டு விழாச் சமையலிலும் காரமும் எண்ணெயும் குறைந்த ஒரு குழம்பும், நீர்மோரும் தனியே வைத்தால், இந்நோயுடையோர் விழாவிற்கு வராமல் வீட்டிலிருக்க நேராது.

இன்னொன்று, மறைத்தல். பெண் பார்க்கையிலும் மாப்பிள்ளை பார்க்கையிலும் வயிற்று நோயை மறைக்கின்றனர். இது தீர்க்கத்தக்க நோய் என்று அறிந்தபின் மறைப்பதற்கு என்ன இருக்கின்றது? மறைத்தபடியால் மருந்தையும் மறைத்துண்டு, வேளையும் தவறி, நோய் முற்றிய ஒரு மருமகளை யான் அறிவேன்.

எச்சரிக்கைகள்

முடிக்குமுன் சில அபாயக் குறிகளைச் சொல்கின்றேன். மற்றவற்றை மறந்தாலும் இவற்றை மறவாதீர்கள்.

தார் போன்ற கறுத்த மலம், இரத்த வாந்தி, காப்பித்தூள் நிறத்து வாந்தி ஆகியவை கண்டால் ஒரு மணி நேரமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்கச் செய்யும். எனினும் எதனால் என்று தீர்மானிப்பது வைத்தியர் வேலை. திடீரெனப் பொறுக்கவொண்ணாத நோவு எழுந்து வயிறு பலகை போல் இறுகினால், புண் துளைத்துவிட்டதென்று அஞ்சவேண்டும்.

காரணமின்றி உடல் இளைத்தல், விழுங்கத் தடை, ஓயாத வாந்தி, இரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் வயிற்று நோவு ஆகியவற்றுக்கு எண்டோஸ்கோப்பி இன்றியமையாதது. ஏனெனில் அக்கிருமியே, நெடுநாள் தங்கினால், சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய்க்கும் வித்தாகின்றது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1994இலேயே இதனைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணங்களின் முதல் வகுப்பிற் சேர்த்தது. அடையாற்றிலே 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் எழுந்த புற்றுநோய் நிலையம், 1980களிலிருந்து சென்னையின் புற்றுநோய்க் கணக்கைப் பதிந்து வருகின்றது. சென்னை ஆடவரிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் முன்வரிசையில் நின்றதென்பது அப்பதிவுகளால் அறியப்படுவது.

மற்றுமொரு பெரிய அபாயம்: நெஞ்சுவலியை வாயு என்று எண்ணுதல். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை தோன்றினால், பெருங்காயமும் ஓமமும் தேடி நேரத்தைப் போக்காமல் 108க்குத் தெரிவித்து ஆஸ்பத்திரி செல்க. வாயுவாக இருந்தால் நகைத்துக்கொண்டு திரும்பலாம். இருதயமாக இருந்தால் அந்நேரமே உயிர்.

அங்கீகாரம் பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் செல்வோரைத் தடுக்க யான் வரவில்லை. ஆனால் பெயர்ச்சீட்டில்லாத பொட்டணப் பொடிகளை நம்பவேண்டாம். எவரிடம் சென்றாலும், உண்ணும் எல்லா மருந்துகளையும் எல்லா வைத்தியர்க்கும் சொல்லுக.

அடையாறு பக்கத்தில் 1958இல் வாலண்டரி ஹெல்த் சர்வீஸஸ் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கிய டாக்டர் கே. எஸ். சஞ்சீவி அவர்கள், நோய் வந்தபின் ஓடுவதைவிட, குடும்பம் முழுவதையும் வருமுன் காப்பதே வைத்தியத்தின் முதற்கடன் என்று கருதினார். நம் சங்கமும் அவ்வழியில் ஒரு சிறு காரியம் செய்யலாம். ஆண்டுக்கொருமுறை ஒரு வைத்தியரை அழைத்து, நெடுநாள் வயிற்று நோவுடையோரைப் பார்க்கச் செய்து, சோதனைக்கு வகையற்ற குடும்பங்களுக்குக் கல்வி நிதியைப் போல் ஒரு சிறு நிதியையும் வைக்கலாம். நிர்வாக சபையார் இதனை யோசிக்கவேண்டுகின்றேன்.

என் தந்தையார் இறந்த வயதை யான் கடந்து பல ஆண்டுகளாயின. இரவில் விழிப்பு வந்தால் இன்றும் தலைமாட்டைப் பார்க்கின்றேன். அங்கே மூடிவைத்த பால் டம்ளர் இல்லை. என் மகனுக்கும் மகளுக்கும் சோதனை செய்வித்தேன். மகனுக்குக் கிருமி இருந்தது. பதினான்கு நாளில் போயிற்று. எங்கள் வீட்டில் வமிசத்து வயிறு என்ற சொல் அவனோடு முடிந்தது. உங்கள் வீடுகளிலும் முடியவேண்டுமென்பதே என் பிரார்த்தனை.

 வெளியே சிற்றுண்டி காத்திருக்கின்றது, அளவறிந்து உண்க!